அரைக் கோப்பைத் தேநீர் விதி

நைல் டெல்டாவில் கஃப்ர் மந்தூர் என்ற சிறு நகரத்தின் குடிமைப் பதிவு அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு முறை சிஸ்டம் விழும். ஏன் விழுகிறது, எங்கிருந்து விழுகிறது, விழும்போது யாருக்காவது அடிபட்டதா என்றெல்லாம் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து "சிஸ்டம் விழுந்துருச்சு, நாளைக்கு வாங்க" என்று ஒரு குரல் வரும். வெளியே நிற்கும் நாற்பது பேரும் அல்லாஹ்விடம் முறையிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், விவாகரத்து நான்கும் அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் அரசாங்கத்துக்குத் தெரியவர வேண்டும் என்பதால், சிஸ்டம் விழுந்த நாட்களில் கஃப்ர் மந்தூரில் யாரும் பிறப்பதுமில்லை, சாவதுமில்லை.

மூன்றாம் எண் ஜன்னலில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் வக்தி; ஊர் மரியாதையில் உஸ்தாஸ் வக்தி. நல்ல மனிதர்தான். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டால் தலையை நிமிர்த்த மாட்டார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வரிசை குலையும் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுகொண்டவர். நீட்டுகிற காகிதத்தை மட்டும் பார்ப்பார். வெளியே நிற்பவர்கள் "பாஷா" என்பார்கள், "மாமா" என்பார்கள், "நான்தான் மாமா, தெரியலையா?" என்று குழைவார்கள். மனிதர் அசைய மாட்டார்.

அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு இருந்தது. கணினி படுத்திய பாட்டில் தானே கண்டுபிடித்த வைத்தியங்களை அதில் எழுதி வைத்திருந்தார். திரை உறைந்துபோனால் அணைத்துவிட்டு, அரைக் கோப்பைத் தேநீர் குடித்து முடித்தபின் போடவும்; உடனே போட்டால் அதற்குக் கோபம் தணிந்திருக்காது. பிரிண்டர் காகிதம் இல்லை என்று சாதித்தால், இருக்கிற காகிதத்தையே வெளியே எடுத்து விசிறிவிட்டுத் திரும்ப வைக்கவும்; புதுசு என்று நம்பிவிடும். பாஸ்வேர்டு மறந்துபோனால் கீபோர்டுக்கு அடியில் பார்க்கவும். அங்கும் இல்லையென்றால் மதாம் அவாதிஃபைக் கேட்கவும், எல்லாருடையதும் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் மேலே முதல் பக்கத்தில், சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு போட்டு ஒரு வரி: "எதற்கும் முதலில் பிளக் செருகியிருக்கிறதா என்று பார்."

இந்த நோட்டு அலுவலக இயக்குநர் ஷௌகத் பெய் கண்ணில் பட்டது வக்தியின் கெட்ட நேரம். அந்த வருடம் நாடெங்கும் டிஜிட்டல் மாற்றம் என்பது பெரிய மோஸ்தராக இருந்தது. ஒவ்வோர் அலுவலகமும் தான் மாறிவிட்டதற்கு ஏதாவது ஓர் அத்தாட்சி காட்டியாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் வாசலில் ஒரு பெரிய திரையை மாட்டிவிட்டார்கள். அதில் இயக்குநரின் படம் மட்டும் தெரியும். ஷௌகத் பெய்க்குத் தூக்கம் போய்விட்டது.

"வக்தி, இது என்ன?"

"சும்மா, மறந்துபோயிரும்னு எழுதி வச்சது பெய்."

"சும்மாவா? இது 'தொழில்நுட்ப ஞானத்துக்கான ஒருங்கிணைந்த வழிகாட்டி'ப்பா!"

வக்திக்கு அதுவரை அது தெரியாது.

மறுநாளே ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஏழு பேரில் ஒருவர்கூடக் கணினியைத் தொட்டதில்லை என்பதால் பாரபட்சத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. முதல் வாரம் முழுவதும் கோப்பையைப் பற்றியே பேசினார்கள்.

"அரைக் கோப்பைன்னா, எந்தக் கோப்பைல அரை?" என்று கேட்டார் சட்ட உறுப்பினர்.

"என் கோப்பைலதாங்க. விளிம்பு உடைஞ்சிருக்கும்" என்றார் வக்தி.

"உடைஞ்ச கோப்பையை அரசு ஆவணத்துல எப்படிய்யா ஏத்துறது?"

முடிவில் கண்ணாடிக் கோப்பை என்று தீர்மானமானது. புதினா போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை பதவிக்கேற்ப. கணினியை அணைத்துப் போடும் ஊழியர் தேநீர் அருந்தியதற்கான படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அப்படி அருந்தாமல் எழுப்பப்பட்ட கணினியிலிருந்து வரும் எந்தச் சான்றுக்கும் அரசின் கழுகு முத்திரை குத்தலாகாது. முத்திரையின் பொறுப்பாளர் மதாம் அவாதிஃப் இதைத் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார்.

பிளக் விஷயம் வந்தபோது சட்ட உறுப்பினர் எழுந்தே நின்றுவிட்டார். "பிளக் செருகியிருக்கான்னு பாருன்னா என்ன அர்த்தம்? அரசாங்கம் பிளக் செருகாமலே வேலை பார்க்குதுன்னு அர்த்தம். நாளைக்குப் பத்திரிகைக்காரன் கையில கிடைச்சா?"

"பெய், அதுதாங்க முக்கியமானதே" என்று வக்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உணர்ச்சிவசப்படாத வக்தி. உனக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு" என்றார் ஷௌகத் பெய். அந்த வரி ஏகமனதாக நீக்கப்பட்டது.

சான்றிதழ் வந்தது. வக்தியின் மனைவி இன்ஷிராஹ் அதைத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினாள். "இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு காகிதம். பரவாயில்ல, சட்டம் போட்டுத்தான் குடுத்திருக்காங்க" என்றாள். வக்திக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

தேநீர் அரசுக் கருவியாகிவிட்டதால், அதைப் போடுபவரைச் சும்மா விட முடியாது. நடைக்கோடியில் கேஸ் அடுப்பு வைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்த பய்யூமி, மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப உதவியாளராக உயர்த்தப்பட்டார். கழுத்தில் டை ஏறியது. கேஸ் அடுப்பு டிஜிட்டல் ஆகாது என்பதால் இருபது லிட்டர் மின்சாரக் கெண்டி வாங்கினார்கள். ஆவண அறையே அவருக்கு ஒதுக்கப்பட்டது. அன்றிலிருந்து சிஸ்டம் தினமும் விழ ஆரம்பித்தது. காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே விழுந்தால் மாலைவரை எழுந்திருக்காது. எழுந்திருக்காததால் எல்லாரும் விதிப்படி தேநீர் குடித்தார்கள். குடிக்கக் குடிக்கப் பய்யூமி மேலும் கொதிக்கவைத்தார்.

ஷௌகத் பெய் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: "சென்ற மாதம் வழிகாட்டி எட்டு முறை பயன்பட்டது. இந்த மாதம் இருநூற்றுப் பத்து முறை பயன்பட்டிருக்கிறது." மேலிடம் அசந்துபோயிற்று. இதை நேரில் பார்க்க வியாழக்கிழமை கெய்ரோவிலிருந்து ஒரு குழு வருவதாகப் பதில் வந்தது.

அதே வியாழக்கிழமைதான் வக்தியின் ஒரே மகள் நிஹாலுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஹைதம் குவைத்தில் வேலை பார்க்கிறவன். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, சனிக்கிழமை திரும்பிப் பறந்தாக வேண்டும். அதை விட்டால் அடுத்த விடுப்பு ஒரு வருடம் கழித்துத்தான். நிக்காஹ் எழுதும் மஃதூன் கறாரானவர். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிறப்புச் சான்றின் புது நகல் வேண்டும், கழுகு முத்திரையோடு வேண்டும், இல்லையென்றால் பேனாவையே திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தன்னுடையதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். நிக்காஹ் எழுதுவதற்கு முன்னால் பெண் வீட்டில் சலுகை கேட்கக் கூடாது என்பது அவன் அம்மாவின் கட்டளை. வக்திக்கு அந்தப் பையனை அதனாலேயே பிடித்துப்போயிற்று.

மகளுடைய நகலை வக்தி, வெள்ளி, சனி விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடலாம் என்றிருந்தார். சிஸ்டம் விழுந்திருந்தது. திங்கள் விழுந்திருந்தது. செவ்வாய் விழுந்திருந்தது. முன்பெல்லாம் அரைக் கோப்பையில் தீரும் வியாதி இப்போது ஒன்பது கோப்பைக்கும் மசியவில்லை. புதன்கிழமையும் விழுந்திருந்தது. நடுப்பகலில் வீட்டிலிருந்து நிஹால் போன் செய்து, "அப்பா, உங்க ஆபீஸ்லயே உங்களுக்கு ஒரு காகிதம் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் அவருக்குச் சுருக்கென்றது.

எழுந்து போய், வழிகாட்டியில் இல்லாத காரியத்தைச் செய்தார். தன் கணினியின் பின்னாலிருந்து கிளம்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது நடையைக் கடந்து, ஆவண அறைக்குள் புகுந்து, அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. எல்லாக் கணினிகளையும் கெய்ரோவோடு இணைக்கும் பெட்டி அது. அதன் பிளக் தரையில் கிடந்தது. சுவரிலிருந்த ஒரே துளையில் கெண்டியின் பிளக் கம்பீரமாக நின்றது.

"பய்யூமி அண்ணே, இது என்ன?"

"என் கெண்டிதான் உஸ்தாஸ். தினமும் பத்து மணிக்குப் போடுவேன்."

"கீழே கிடக்கிறது?"

"அது வேற எதுவோட பிளக்கோ. என் துறை இல்ல" என்றார் மூன்றாம் நிலை உதவியாளர், டையைச் சரிசெய்துகொண்டே.

வக்தி இயக்குநர் அறைக்கு ஓடினார். "பெய், கண்டுபிடிச்சுட்டேன்! பிளக்தான்! கெண்டியை எடுத்தா சிஸ்டம் இப்படி விழவே விழாது!"

ஷௌகத் பெய் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. நாளைக்குக் குழு வருது. அவங்க எதைப் பார்க்க வராங்க?"

"வழிகாட்டியை."

"விழாத சிஸ்டத்துக்கு வழிகாட்டி எதுக்குப்பா? குழு போகட்டும், ஞாயித்துக்கிழமை பார்ப்போம்."

"பெய், நாளைக்கு என் பொண்ணுக்கு நிக்காஹ்."

ஷௌகத் பெய்க்கும் இரண்டு பெண்கள். முகம் இளகிவிட்டது. "அஞ்சு நிமிஷம் எடுத்துக்க. உன் பொண்ணோட காகிதத்தை எடுத்துட்டு, இருந்தது இருந்தபடி வச்சுரு. மப்ரூக் வக்தி, என் வாழ்த்து!"

வக்தி கெண்டியைப் பிடுங்கிப் பெட்டியைச் செருகினார். மூன்றாம் ஜன்னலில் திரை பளிச்சென்று எழுந்தது. நிஹாலின் பெயர் வந்தது, பிரிண்டர் முனகியது, காகிதம் சூடாகக் கையில் விழுந்தது. வெளியே வரிசை சலசலத்தது.

"மாமா, வெளிச்சம் வந்துருச்சே! நான்தான் மாமா. எனக்கு ஒரே ஒரு நகல்" என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"சிஸ்டம் விழுந்துருச்சு" என்றார் வக்தி, காகிதத்தின் மேல் ஊதிக்கொண்டே. "நாளைக்கு வாங்க."

"மாமா, நாளைக்குன்னா..."

"நாளைக்கு!"

மதாம் அவாதிஃப் முத்திரையைக் கையில் எடுத்தார். உடனே கீழே வைத்தார். "தேநீர் குடிச்ச படிவம் எங்க உஸ்தாஸ் வக்தி?"

"மதாம், நான் எழுதின விதிங்க அது."

"அதனாலதான் உங்ககிட்ட கேட்கிறேன். எழுதினவரே மீறினா மத்தவங்க என்ன செய்வாங்க?"

வக்தி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், கெண்டியைச் செருகினார், தண்ணீர் கொதித்தது, அரைக் கோப்பை குடித்தார், கையெழுத்துப் போட்டார். கழுகு இறங்கியது. இருந்தது இருந்தபடி ஆயிற்று.

சாயங்காலம் பஸ்பூசா இனிப்பு டப்பாவோடு ஹைதம் வீட்டுக்கு வந்தான். இன்ஷிராஹ் வாய் நிறைய வரவேற்று, "உன் காகிதம் கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டாள்.

"எங்க கிடைச்சுது அத்தை? நாலு நாளா நிக்கிறேன். இன்னைக்கு மூணாம் ஜன்னல்ல நல்லா வெளிச்சம் வந்துச்சு. நான்தான்னு சொல்லியும் மாமா நாளைக்கு வரச் சொல்லிட்டார்." அவன் சங்கடமாகச் சிரித்தான். "வேலை நேரத்துல சொந்தம் பார்க்க மாட்டார் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

உள்ளறையிலிருந்து நிஹால் வந்து நின்றாள். "அப்பா, இவரை நாலு நாளா நீங்க பார்க்கலையா?"

வக்தி அப்போதுதான் மாப்பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் நின்று கறுத்திருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை முகங்கள் அப்படிக் கறுத்தனவோ என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. "காலைல நானே உன்கூட வரேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை இருவரும் போனார்கள். ஊழியர் வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. குழு மிதிக்கும்வரை வேறு யாரும் மிதிக்கக் கூடாது என்று காவலர் கையை விரித்தார். வேறு வழியில்லாமல் வக்தி மாப்பிள்ளையோடு பொது வரிசையில் நின்றார். விடுப்பிலிருந்த அவருக்குப் பதிலாக மூன்றாம் ஜன்னலில் மதாம் அவாதிஃப் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அருகே போய்ச் சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

"மதாம், நான்தான்! வக்தி!"

"எல்லாரும் நான்தான் நான்தான்னுதான் சொல்றாங்க. சிஸ்டம் விழுந்துருச்சு."

"மதாம், அலமாரிக்குப் பின்னாடி அந்தப் பிளக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க!"

"அது வழிகாட்டியில இல்ல. ஞாயித்துக்கிழமை வாங்க."

உள்ளே கைதட்டல் கேட்டது. குழுத் தலைவர் மூன்று கோப்பை குடித்துவிட்டு, இந்த வழிகாட்டியை நாடு முழுவதும் கொண்டுவரப் பரிந்துரைப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். வக்தியின் பெயரும் ஒரு முறை சொல்லப்பட்டது. டை கட்டிய பய்யூமி தட்டோடு வெளியே வந்து, இயக்குநர் உத்தரவு என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் அரைக் கோப்பை கொடுத்தார். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். ஹைதமும் குடித்தான்.

அப்போது வக்தியின் போன் அடித்தது. இன்ஷிராஹ்தான். "மஃதூன் வந்து உட்கார்ந்திருக்கார். நம்ம ஆளுங்க, மாப்பிள்ளை ஆளுங்க, நாற்பது பேர் வந்தாச்சு. நிஹால் உடுத்திட்டு நிக்கிறா. என்ன சொல்ல?"

வக்தி வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"சிஸ்டம் விழுந்துருச்சுன்னு சொல்லு."

இன்ஷிராஹ் சபையில் அப்படியே சொன்னாள். நாற்பது பேரும் அல்லாஹ்விடம் முறையிட்டுவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏன் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.