மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வந்தவர்

மனிதர்களில் மன்னித்துவிட்டேன்காரர் என்று ஒரு வகை உண்டு. அவசரப்பட்டு, மன்னிக்கிறவர்தானே, நல்லவர்தானே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மன்னிக்கிறவர்கள் வேறு. அவர்கள் பாட்டுக்கு மன்னித்துவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நமக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்வது, மன்னித்த செய்தியை நேரில் கொண்டுவந்து, உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்கும் வரை நின்றுகொண்டிருப்பாரே, அவரை.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வரும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குரல், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவரின் குரல். தோளில் கையை வைப்பார்; எடுக்க மாட்டார். "நான் எதையும் மனசுல வச்சுக்கிறவன் இல்லை" என்று ஆரம்பித்து, மனசில் வைத்துக்கொள்ளாத அந்த விஷயத்தை, நடந்த வருஷம், கிழமை, அப்போது மின்விசிறி ஓடியதா நின்றதா, யார் யார் சிரித்தார்கள், அவர்களில் யார் இரண்டு தடவை சிரித்தார்கள் என்பது வரை ஒன்று விடாமல் ஒப்பித்து, "எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்" என்று முடிப்பார். முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? நன்றி என்பதா, எதற்கு என்பதா?

எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒருவர் கிடைத்தார். என் அக்காவின் கணவர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். கை சுத்தம், வாய் சுத்தம், குடியில்லை, புகையில்லை. இப்படிப்பட்டவரைத்தான் இந்த வியாதி முதலில் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பரிசுத்த வாழ்க்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அரைகுறையாக இல்லாமல் முழுசாக ஒப்புக்கொடுத்து வாழ வேண்டும், யார் மேலாவது கசப்பு இருந்தால் இந்த வாரமே மன்னித்துவிட வேண்டும் என்றார். சபையில் இருநூறு பேர் தலையை ஆட்டினார்கள். நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அத்தான் வழியில் இறங்கி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் எழுத எழுத, அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சாமான் லிஸ்ட்டா? சோப்பையும் சேர்த்துக்கங்க."

"இது பரிசுத்தமாகறதுக்கான லிஸ்ட்டு."

"அப்ப சோப்பு கண்டிப்பா வேணும்."

அக்காவையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். அந்த வீட்டில் நோட்டு எழுதுவது அவ்வளவு புத்திசாலித்தனமான காரியம் இல்லை.

லிஸ்ட்டில் நாற்பத்தோரு பேர் தேறினார்கள். திங்கட்கிழமை காலையில், பல் துலக்கிய கையோடு, அத்தான் மாடிவீட்டிலிருந்து ஆரம்பித்தார். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற டைப்ரைட்டிங் டீச்சர்.

"டீச்சர், நாலு வருஷமா உங்க ஈரத்துணியிலேருந்து எங்க துணி மேல தண்ணி சொட்டுது. மனசார மன்னிச்சுட்டேன்."

"நான் அந்தப் பக்கம் துணியே காயப்போடறதில்லையே. அது எனக்குப் பக்கத்து வீடு."

"பரவாயில்லை டீச்சர். அதையும் மன்னிச்சுட்டேன்."

"எதை?"

"ஒத்துக்காததை."

மறுநாளிலிருந்து டீச்சர் அந்தப் பக்கமே துணி காயப்போட ஆரம்பித்தார். பிழியாமல்.

அத்தான் அசரவில்லை. வேலையிடத்துக்குப் போனார். சூப்பர்வைசரைப் பார்த்து, "சார், மத்தியானத்துல நீங்க மோட்டார் ரூம்ல ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கறதை இத்தனை வருஷமா யார்கிட்டயும் நான் மூச்சு விட்டதில்லை. உங்களையும் மன்னிச்சுட்டேன்" என்றார். அப்போது சூப்பர்வைசருக்குப் பக்கத்திலேயே மேனேஜர் நின்றிருந்தார். சூப்பர்வைசர் இப்போது வேறு கிளையில் தூங்குகிறார்.

செவ்வாய்க்கிழமை என் முறை. பன்னிரண்டாம் நம்பர். அவர் கல்யாணத்தில், மோதிரம் விரலில் ஏறாமல் தடுமாறியபோது நான் சிரித்தேனாம்.

"அத்தான், எனக்கு அப்போ பதினோரு வயசு."

"வயசைப் பார்த்துத்தான் தம்பி மன்னிச்சேன்" என்றார், தோளில் வைத்த கையை எடுக்காமலே.

புதன்கிழமை அவர் போதகரையும் விட்டுவைக்கவில்லை. ஜெபக்கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், "ஐயா, போன வருஷம் நான் சாட்சி சொல்ல எழுந்தப்போ, 'நேரமாயிடுச்சு, உக்காருங்க'ன்னு சொன்னீங்க. அதை மன்னிச்சுட்டேன்" என்றார்.

போதகர் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். "தம்பி, நான் மன்னிக்கத்தான் சொன்னேன். டெலிவரி பண்ணச் சொல்லலையே."

அத்தான் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, போதகர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதிக்கொண்டார்.

இது வரைக்கும் சிரிப்புத்தான். வெள்ளிக்கிழமை சிரிப்பாக இல்லை.

அத்தானுக்கு வேலையில் ஒரு கூட்டாளி உண்டு. பதினாறு வருஷமாக இருவரும் ஜோடி. ஒருத்தர் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நிற்பார். இன்னொருத்தர் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். நடுவில் ஒரு போன். கீழே இருக்கிறவர் ஏற்று என்றால் ஏற்ற வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். கீழே இருக்கிறவருடைய உயிர், மேலே இருக்கிறவருடைய காதில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆளிடம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அத்தான் போய் உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி லிஃப்ட் குழியில மறந்து விட்ட ஸ்பேனர் ஒண்ணு கிடந்துதே. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனா மேனேஜர் வரைக்கும் போச்சு. நீதான் போட்டுக் கொடுத்தேன்னு எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் மன்னிச்சுட்டேன்."

கூட்டாளி டப்பாவை மூடினார். கையைத் துடைத்தார். "சரி" என்றார்.

அந்த வாரத்தில் அதுதான் அவர் அத்தானிடம் பேசிய கடைசி வார்த்தை. சனிக்கிழமை வேலை, வாட்ச்மேன் மூலமாக நடந்தது. அத்தான் லிஃப்ட் கூரையிலிருந்து வாட்ச்மேனுக்குப் போன் செய்து, "ஒரு அடி கீழே இறக்கச் சொல்லுங்க" என்பார். வாட்ச்மேன் மேலே போன் செய்து கூட்டாளியிடம் சொல்வார். நாலாவது தடவை வாட்ச்மேனுக்குச் சலித்துவிட்டது. "கீழே இறக்கச் சொல்றாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டார். எட்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வரை அத்தான் இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சபையில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஆறு நாள் பரிசுத்தம் ஐந்து மாடியில் போயிற்று.

அன்று மத்தியானமே கூட்டாளி, இனி வேறு ஆளோடு ஜோடி போடுங்கள் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அத்தான் வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்த நோட்டு. கையில் சிவப்புப் பேனா.

நாற்பத்தோராவது பெயர் அவளுடையதுதான். ஏழு பக்கம். ஏழாம் பக்கத்தின் கீழே 'தொடரும்' என்று வேறு போட்டிருந்தார். வேறு பெண்ணாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பாள். அக்கா திருத்திவிட்டாள். ஓரத்தில் வரிக்கு வரி சிவப்பு எழுத்து. 'அன்று நான் ஊரிலேயே இல்லை.' 'இதைச் சொன்னது நான் அல்ல, உங்கள் அம்மா.' 'உண்மைதான், ஆனால் ஆரம்பித்தது யார்?' 'அலட்சியத்தில் ல-வை அடித்துவிட்டு ள போட்டிருக்கிறீர்கள். அடித்ததே தப்பு, முதலில் எழுதியதே சரி.'

"என் பக்கங்களை அப்புறமாப் பாருங்க" என்றாள். "முதல்ல முப்பத்தஞ்சாம் நம்பரைப் படிங்க."

முப்பத்தைந்து கூட்டாளி. அங்கே ஓரத்தில் சிவப்பில் நான்கே வரி. 'முழுவதும் பிழை. அந்த ஸ்பேனர் உங்களுடையது. தன்னுடையது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னவர் அவர். ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவரும் அவர்.'

அத்தான் இரண்டு தடவை படித்தார். "அந்த ஒரு வாரம் அவன் ஜுரம்னு வரலைன்னாங்களே."

"உங்க மேல ஏற்கெனவே ஒரு புகார் இருந்துது. இன்னொண்ணு வந்தா வேலையே போயிருக்கும். அப்ப நம்ம சின்னவ பொறந்து இருபது நாள். அதான் அந்த மனுஷன் போய்ச் சொல்லியிருக்காரு. அவர் சம்சாரம் ஒரு நாள் வாய் தவறி எங்கிட்ட சொல்லிட்டு, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"ஏன் தெரியக்கூடாதாம்?"

"தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்களாம்."

கூட்டாளி சபை, ஜெபம் என்று எதற்கும் போகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணி வரை தூங்குகிறவர். அத்தான் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணி மறுபடி வைத்தாள்.

திங்கட்கிழமை அவர்களுடைய கடைசி ஜோடி வேலை. இங்கேதான் இந்த மன்னித்துவிட்டேன்காரர் இனத்தின் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். நாற்பது பேரை மூச்சு விடாமல் மன்னித்த வாய்க்கு, ஒரே ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்திருக்கிறார். முதலில் அதிகாரமாக வந்ததாம். பிறகு பாட்டு மாதிரி. மூன்றாவது தடவை இருமல்தான் வந்ததாம்.

லிஃப்ட் கூரை மேல் ஏறினார். போனைக் கையில் பிடித்தார். வாட்ச்மேனைக் கூப்பிடவில்லை; நேரே மேலே கூப்பிட்டார். மறுமுனையில் எடுத்த சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ஸ்பேனர் என்னுது" என்றார் அத்தான்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"நீ உன்னுதுன்னு போய்ச் சொன்னது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். என்னை மன்னிச்சிடு."

"கேக்கலை" என்றது போன். "லைன் சரியில்லை."

"மன்னிச்சிடுன்னு சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

அத்தான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, பன்னிரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி, "என்னை மன்னிச்சிடுடா" என்று கத்தினார். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால், எப்போது வரும் என்று நின்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம், கதவுக்கு உள்ளேயிருந்து அழுகைக் குரலில் ஒருவர் மன்னிப்புக் கேட்டது கேட்டது. பாதிப் பேர் படியில் இறங்கிப் போய்விட்டார்கள். ஆறாம் மாடியில் ஒரு அம்மா மட்டும் கதவில் வாயை வைத்து, "பரவாயில்லைங்க, நாங்க நடந்தே போறோம்" என்றாராம்.

அத்தான் போனை மறுபடி காதில் வைத்தார். பிறகு கூட்டாளியின் குரல் வந்தது.

"முதல் தடவையே கேட்டுச்சு. கம்பியைப் பிடிச்சுக்க. அரை அடி ஏத்தறேன்."

எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கூட்டாளி அன்று சாயந்தரமே திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டார். மன்னித்ததாக வாய் திறந்து இன்று வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தானுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. என்னிடம் மட்டும் ஒரு நாள், "அதை ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடுவானாம்?" என்று கேட்டார். சிரிப்பு தெரியாமலிருக்க நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்து வந்தவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் எங்கோ உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். பெரியப்பா மகனோ, ஆபீஸில் எதிர் மேஜைக்காரரோ, ஆராதனையில் முன் வரிசையில் உட்காருகிறவரோ. அச்சு அசலாக அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அவர் படித்து முடித்துவிட்டு இதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பார் என்பதை மட்டும், கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.