கண்ணியமான சுவரொட்டி

பெண்களின் உயிரைக் காப்பது என்று சுகாதார அலுவலகம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானித்த குழுவில் இருந்தவர்கள் ஐந்து ஆண்கள். சுவரொட்டிக்கான வாசகத்தை எழுதிக்கொண்டு வந்த நர்ஸம்மா மட்டும் கதவருகே நிறுத்தப்பட்டார்.

குளிர்பெட்டியில் தடுப்பூசி மருந்து இருந்தது. மாதக் கடைசியில் காலாவதி. அதற்குள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வந்தால் மருந்து, வராவிட்டால் குப்பை. அந்தக் கவலை நர்ஸம்மாவுக்கு மட்டும்தான்.

அவர் வாசித்தார்: "கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். உடலுறவில் தொற்றும். இதில் சில வகைகளால் பிறப்புறுப்பில் மரு வரும். சிறு வயதிலேயே ஊசி போட்டால் தடுக்கலாம். முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை அவசியம்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "என்னம்மா இது, பஸ் ஸ்டாப்புல ஒட்டறது. குடும்பத்தோட வர்றவங்க படிச்சுட மாட்டாங்களா?"

"படிக்கத்தானே சார் ஒட்டறோம்."

"அந்த உடலுறவை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா எப்படி சார் தொற்றும்?"

"தொற்றாதில்ல? நல்லதுதானே."

குழு தலையாட்டியது. பிறப்புறுப்பு போயிற்று. உறுப்பில்லாத இடத்தில் மரு எப்படி நிற்கும், அதுவும் போயிற்று. கருப்பை கண்ணியக் குறைவு, புற்றுநோய் அபசகுனம், ஊசி என்றால் குழந்தைகள் பயப்படும். பெண்களின் வயதைப் பேசுவது நாகரிகமில்லை என்று முப்பதையும் அதிகாரி பெருந்தன்மையோடு அடித்தார்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்" என்று முணுமுணுத்தபடி நர்ஸம்மா வெளியேறினார்.

ஊரெங்கும் ஒரு ரோஜாப்பூப் படம். கீழே, "நலமாக இருங்கள்." சிறந்த சுவரொட்டிக்கான பரிசு அதற்கே கிடைத்தது. ரோஜாச்செடி என்ன விலை என்று இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். ஊசிக்கு ஒருவரும் வரவில்லை.

நர்ஸம்மா குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை எண்ணிப் பார்த்தார். மாதக் கடைசிக்கு முன்தினம் தன் மகளையே கூட்டிவந்து ஊசி போட்டார். கூட வந்த அவள் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கவே இல்லம்மா. நாளைக்கு என் க்ளாஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வரட்டுமா? எதுக்கு இந்த ஊசின்னு மட்டும் சொல்லு."

நர்ஸம்மா வாயைத் திறந்தார். கணவரைப் பார்த்தார். வெளியே காய்ச்சல் மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். முகம் சூடேறியது.

"அது வந்து... நலமா இருக்கத்தாம்மா."

"அதைத்தான் அந்த ரோஜாப்பூவும் சொல்லுது" என்று மகள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள், ஊசி போடும் இடத்துக்கும் தனியாகத்தான் வந்தாள்.