வழிமொழியும் செகண்ட் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் எந்தச் சங்கம் என்ன தீர்மானம் போட்டாலும், இரண்டாவது கையெழுத்து செகண்ட் அண்ணாச்சியுடையதாகத்தான் இருக்கும். முன்மொழிய ஆள் மாறும்; வழிமொழிய அவர் ஒருவர்தான். பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்றால் நான் கதை விடுவதாக நினைப்பீர்கள். சத்தியமாக ஜெராக்ஸ் கடைதான்.

எங்கள் தெருச் சங்கத்தில் வேகத்தடை வேண்டுமென்ற தீர்மானத்தை வழிமொழிந்தார். அடுத்த மாதம் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டுமென்ற தீர்மானத்தையும் அதே உற்சாகத்தோடு வழிமொழிந்தார். கேட்டால், "ஒருத்தன் ஒத்தையா எந்திரிச்சு நிக்கான். அவனுக்குப் பின்னால ஒரு ஆளு வேண்டாமா மக்கா?" என்பார்.

கடையில் தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதி உண்டு. ஆதார் அட்டையை நீட்டியவரை நிற்க வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுப்பார்.

"ஃபர்ஸ்டு, தேர்டு, ஃபோர்த்து எல்லாம் இங்கிலீஷ்காரன் சொந்தச் சரக்கு. செகண்டு மட்டும் லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்தது. பின்னால வருததுன்னு அர்த்தம். அதுக்கு முந்தி ரெண்டாவத அவன் 'மத்தது'ன்னுதான் சொல்லிட்டுக் கெடந்தான்!"

"கடிகாரத்துல இருக்கது?"

"மணிய மொத தடவ அறுவதா வெட்டுனா நிமிஷம். ரெண்டாந் தடவ வெட்டுனா செகண்டு. இன்னொண்ணு கேளு, பின்னாலருந்து கப்பலத் தள்ளுத காத்துக்கும் லத்தீன்ல இதே சொல்லுதான்."

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு காப்பி" என்று ஆதார்காரர் கெஞ்சுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் வாழ்க்கையை ஒப்படைத்தேன். எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ராயகிரி சரவணனும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். அப்பாவோ அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுப்பதாக இருந்தார். அப்பாதான் தெருச் சங்கத் தலைவர். அன்று காலைக் கூட்டமும் எங்கள் வீட்டில்தான். கடைசியில் 'இதர விஷயங்கள்' வரும்போது சரவணன் எழுந்து பெண் கேட்பது, அண்ணாச்சி வழிமொழிவது என்று ஏற்பாடு. வேறு யாராவது இப்படித் திட்டம் போடுவார்களா?

"இதர விஷயம் ஏதும் உண்டா?" என்றார் அப்பா.

சரவணன் எழுந்தான். வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"இந்தக் கல்யாணத்த நான் வழிமொழியுதேன்!"

"எந்தக் கல்யாணம் வே? யாரு முன்மொழிஞ்சா?" என்றார் அப்பா. "முன்மொழியாம வழிமொழிஞ்சா செல்லாது, தெரியும்லா?"

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. தானே முன்மொழிந்திருக்கலாம். ஆயுளில் அதைச் செய்ததில்லையே! சரவணனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான். நான் டீத்தட்டைக் கீழே வைத்தேன்.

"நான் முன்மொழியுதேன்ப்பா. எனக்கும் சரவணனுக்கும் கல்யாணம்."

"வழிமொழியுதேன்!" என்றார் அண்ணாச்சி. கூரை அதிர்ந்தது.

அப்பா திகைத்துப்போய், பழக்கதோஷத்தில், "எதிர்ப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்ல!" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. செயலாளர் அதற்குள் தீர்மானப் புத்தகத்தில் எழுதியே விட்டார். அப்பா இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது குருவிகுளத்தில் வேலை பார்க்கிறேன். ஆடி மாதம் ஸ்கூட்டரில் கிழக்கே போகும்போது, மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். அந்தக் காற்றுக்கு லத்தீனில் என்ன பெயரென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அதற்கு அண்ணாச்சி என்று பெயர்.