வால் இல்லாத இலை

மலேசியாவில், லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வாலக்காவோடு ஒப்பிட்டால் அத்தனை பேரும் தெளிவானவர்கள்.

தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் அவர் ஆராய்ச்சியாளர், நான் உதவியாளன். எண்ணெய் தரும் செம்பனையை அழுகல் நோயிலிருந்து காக்கும் என்று அவர் நம்பிய ஒரு புரதத்தைப் புகையிலைச் செடிக்குள் உண்டாக்கிப் பார்ப்பதுதான் வேலை. புரதம் கண்ணுக்குத் தெரியாதே? அதனால் அதற்கு ஒரு குட்டி வாலை ஒட்டிவிடுவார். இலையை அரைத்து, சாற்றிலுள்ள புரதங்களைத் தாளில் ஏற்றி, வாலை மட்டும் பிடிக்கும் மருந்தில் நனைத்தால் கறுப்புக் கோடு விழும். வாலக்கா என்ற பெயர் வந்த கதை இதுதான்.

கூடவே வால் ஒட்டாத இலையையும் சோதிப்பார். அதில் கோடு விழக்கூடாது. நல்ல பழக்கம்தான். ஆனால் அதை லோபாக்கில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடைவரை கொண்டுபோவார்.

"அண்ணே, சம்பல் போடாம ஒரு வாய் குடுங்க. காரம் சம்பல்லயா, உங்க சோத்துலயான்னு தெரியணும்."

"என்னம்மா, மண்ட கொழம்பிருச்சா? சாப்பிட்டுப் போ லா!"

மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் மாற்றினால், மாற்றாத மோட்டார் ஒன்றையும் வாங்கி ஓட்டிப் பார்ப்பார். அவரைக் கண்டாலே மெக்கானிக் ஷட்டரை இறக்கிவிடுவார்.

ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து மேலதிகாரி வந்தார். கோட்டைக் காட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் கடையைக் கட்டவேண்டியதுதான். கோடு பளிச்சென்று விழுந்தது. கைதட்டினோம். அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தேன்: பக்கத்தில், வால் இல்லாத இலைக்கும் அதே கோடு!

"அக்கா, அவரு சைன் போட்டுட்டுப் போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம் லா," என்று கிசுகிசுத்தேன்.

அக்கா என்னை முறைத்தார். "சார், வால் இல்லாததுக்கும் கோடு விழுந்திருக்கு. மருந்து புகையிலையோட சொந்தப் புரதத்தப் புடிச்சிருக்கு. இத நம்பாதீங்க."

பேனா மூடிக்கொண்டது. "அடுத்த மாசம் வர்றேன். அதான் கடைசி," என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

அக்கா வாலை மாற்றினார், மருந்தை மாற்றினார், சாப்பாட்டையே மறந்தார். அதிகாரி மறுபடி வந்தபோது அவர் கண்முன்னாலேயே தாளை நனைத்தோம். வால் உள்ள இலைக்குக் கோடு. இல்லாததற்கு வெறும் வெள்ளை. நாங்கள் கோட்டைப் பார்த்துக் குதித்தோம். அக்கா வெள்ளையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்.

"அன்னைக்கு நீங்களே நம்பாதீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதனாலதான் இன்னைக்கு நம்புறேன்," என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வாலக்காவிடம் வேலை பார்த்தவன் நான். யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.