முப்பத்தெட்டாம் மேசை

ஏழு மணிக்கு விருந்து. ஆறாகியும் மேசைப் பட்டியல் வரவில்லை என்று மண்டபத்தில் பந்தியைக் கவனிக்கும் சீனி மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார்.

"அஞ்சு நிமிசம்ணே," என்றான் கோகிலன். ஈப்போவில் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

தங்கை கலாதேவியின் கல்யாண விருந்து. 372 பேர், மேசைக்குப் பத்துப் பேர். ஒரே தலைவலி, தாய்மாமன்கள் மணியமும் மாயாண்டியும். செமோரில் நடந்த போன கல்யாணத்தில் இரு வீட்டுக்கும் சண்டை மூண்டு சாம்பார் வாளி பறந்ததாம். கோகிலன் அப்போது வெளியூரில் இருந்தான், கேள்விப்பட்டதோடு சரி. மாமன்களை ஆளுக்கொரு மூலையில் வைக்கக் கணித மென்பொருளில் கணக்குப் போட்டிருந்தான். மேசைக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள் என்று டப்பாவுக்குள் டப்பாவாக விடை அருமையாக வந்திருந்தது.

அதை எக்செலுக்கு அனுப்பினான். 372 பேரும் ஒரே கட்டத்துக்குள் போய் அடைந்துகொண்டார்கள்.

"என்னண்ணே இது, ஸ்கூல் பஸ்ஸா?" தலையில் பாதிப் பூவோடு எட்டிப் பார்த்தாள் கலாதேவி.

"டப்பாவெல்லாம் பிரிச்சிட்டா சரியாயிடும்லா."

பிரித்தான். மேசைகளும் குடும்பங்களும் மறைந்து, எல்லாரும் ஒரே நீள வரிசையில் நின்றார்கள்.

"இதுல பேரத் தேடுறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்."

"பேர அகர வரிசையில அடுக்கி, பத்துப் பத்தா வெட்டிடுறேன். முடிஞ்சது கதை."

முப்பத்தேழு மேசை போகக் கடைசி இருவர் மிச்சம். அவர்களுக்குத் தாராளமாக முப்பத்தெட்டாம் மேசையைக் கொடுத்துப் பட்டியலை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டான்.

மண்டப வாசலில், புருசன் ஒரு மேசை பொண்டாட்டி ஒரு மேசையா என்று ஒரே முணுமுணுப்பு. வந்து சேர்ந்த கோகிலன் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். பெயர் வரிசையில் மணியமும் மாயாண்டியும் அடுத்தடுத்து, பத்தொன்பதாம் மேசையில்.

பதறி ஓடினான். மாமன்கள் தோள்மேல் கைபோட்டபடி ஒரே தட்டில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"தெனமும் சிலிபின் கடையில ஒண்ணாத்தானே தே குடிக்கிறோம்," என்றார் மணியம். "சண்டையெல்லாம் உன் அத்தைங்களுக்குத்தான்லா. ஆமா, விமலாவும் விசாலாட்சியும் எங்க?"

கோகிலன் வாயைத் திறப்பதற்குள் சீனி வந்து நின்றார்.

"தம்பி, முப்பத்தெட்டாம் மேசையில விமலாக்காவும் விசாலாட்சியக்காவும் மட்டும்தான் இருக்காங்க, சாம்பார் வாளிய அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்."