கலந்தர் லெவ்வைக்கு ஒரு துணை

சாய்ந்தமருது

அன்புள்ள மச்சானும் மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியருமாகிய ஜவாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ராத்தாவும் என் மனைவியுமான முஸ்பிறாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். எனக்குத் தூக்கம் இல்லை, பசி இல்லை, வாசல் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. மற்றப்படி குறையொன்றும் கிடையாது.

நான் எழுதிவரும் ஊர் வரலாற்றுத் தொடரை உடனே நிறுத்துங்கள். நாவிதன்வெளிப் பக்கம் குளக்கட்டு உடைந்தபோது, உடைப்பில் தனியாளாக நின்று வெள்ளத்தை மறித்து வயலைக் காத்து, அதிலேயே மூழ்கி மவுத்தான கலந்தர் லெவ்வை எங்கே பிறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும்: நான் பேச்செழுதிக் கொடுத்த எம்.பி.யின் எலக்சன் மேடையில், என் பேனாவில். எம்.பி. தோற்றார், என் வேலை போனது, கலந்தர் லெவ்வை மட்டும் வென்றார், அவர் தயவில் நான் வரலாற்றாசிரியர் ஆனேன், மாலையெல்லாம் விழுந்தது, போன மாதம் ஒரு குடும்பம் "எங்கட மூத்தவாப்பாதான் அவர்" என்று கந்தூரி விருந்து கொடுத்து, அவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓதி, என்னையும் சஹன் சாப்பாட்டில் உட்கார வைத்தது. இல்லாத ஆளுக்கு ஓதினால் யாரைப் போய்ச் சேரும் என்று நான் யோசிக்கவில்லை. இறைச்சி நன்றாக இருந்தது.

சேர்ந்துவிட்டது, மச்சான். மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், வெயில் கொளுத்துகிறது, என் கதிரையில் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து இருக்கிறார். இடுப்புச் சாரனெல்லாம் வயல் சேறு. தோளில் மண்வெட்டித் தழும்பு, நானே எழுதிப் போட்டது. முஸ்பிறா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம், நடுங்கிறார்" என்றாள்.

"கந்தூரி கிடைச்ச, சந்தோசம்," என்றார். "ஆனா என்ன உடைப்புக்குள்ள தனிய உட்டுப்போட்டு எல்லாரும் போனதா எழுதியிரிக்கீங்க. ஆக்கள் வாசிக்கக்குள்ள எல்லாம் திரும்பவும் அங்கதான் நிக்கன். பயமா இரிக்கி. துணைக்கு ஒராளப் போடுங்க."

"ஓம், இப்பவே ஒராள உண்டாக்கிறன்" என்றேன்.

"உண்டாக்கின ஆள் வாணாம். அதுக்கு நான் ஒருத்தன் இரிக்கன், காணும். மெய்யா உள்ள ஆளாப் போடுங்க."

கந்தூரி கொடுத்தவர்களிடமே போய், உங்கள் வாப்பாவையும் பக்கத்தில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வாப்பாக்குத் தண்ணி ஒத்துக்காது, வேற ஆளப் பாருங்க" என்றார்கள். ஊர் முழுக்க இதே பதில். எல்லோருக்கும் அவர் பேர் வேண்டும், அவர் நின்ற தண்ணீர் வேண்டாம்.

அவரோ தினமும் வருகிறார். எம்.பி.க்கு நான் எழுதிய பேச்செல்லாம் ஒரே வரியில் முடியும், கைதட்டல் நிச்சயம்: 'உங்களை ஒருநாளும் தனியே விடமாட்டேன்.' நேற்று அதை அப்படியே சொல்லிக் காட்டி, "இது நீங்க எழுதினதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கதிரையின் கீழே ஈரம் இன்னும் காயவில்லை.

ஆகவே நிறுத்துங்கள். வாசிக்க ஆளில்லாவிட்டால் அவரும் நிற்க வேண்டியதில்லை. நான் மரக்கறிக் கடையாவது போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன். மாமிக்கு ஸலாம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் நஜீம்

பி.கு.: நிறுத்த வேண்டாம். கடைசி அத்தியாயத்தை இத்துடன் அனுப்புகிறேன். உடைப்பில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பேரைச் சேர்த்திருக்கிறேன், அது உள்ள ஆள்தான், உங்களுக்கும் தெரிந்தவர். வெளியே நல்ல வெயில். என் சாரன் முழங்கால் வரை நனைந்துவிட்டது. ராத்தாவைத் தனியே விட்டுவிடாதீர்கள்.