பூங்காவில் பெரட்டு எடுத்தவர்

நடந்து போகிறவனை விசில் ஊதி நிறுத்தி விசாரணை வைக்கும் மனிதர், கெடா மாநிலத்திலேயே எங்கள் விசில் அண்ணே ஒருவர்தான். அவருக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. திகாம் பத்துவில் எங்கள் குடியிருப்பான தாமானுக்கு நடுவே இருக்கும் சின்னப் பூங்காவுக்கு அவராகவே தம்மை மண்டோராக, அதாவது கங்காணியாக, நியமித்துக்கொண்டார்.

முன்பு சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்தில் நிஜமாகவே மண்டோராக இருந்தவர். தோட்டம் கைமாறிப் போன பிறகும், விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. காலையில் நடக்க வரும் எங்களைப் பூங்கா வாசலில் நிறுத்திவைத்துப் பெரட்டு எடுப்பார்.

"நேத்து ஏன் வரல தம்பி?"

"காய்ச்சல்ணே."

"காய்ச்சல்காரனுக்கு ரொட்டி சானாய் கடையில என்னா லா வேல?"

நான் பத்திரிகையில் எழுதுகிறவன், நாலு பேருக்குத் தெரிந்த முகம் என்ற நினைப்பெல்லாம் அந்த வாசலோடு சரி. தண்டனையாகக் கூடுதல் சுற்று கிடைக்கும். முதல் சுற்றிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிடும். "வளைவுல சிக்னல் போட்டுத் திரும்புப்பா, ஒன் வயிறு முன்னால வருது, நீ பின்னால வர்ற" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். பெண்கள் சிரிப்பார்கள். நானும் வேறு வழியில்லாமல் சிரிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் இடி விழுந்தது. நகராண்மைக் கழகத்துக்கு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்களாம். புல் வெட்டவும் விளக்கு எரியவும் காசு இல்லை, ஆள் நடமாட்டம் இல்லாத பூங்காக்களை மூடப்போகிறார்கள், நம்முடையதைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது.

விசில் அண்ணே மனைவியை இழந்து தனியாக இருந்தார். ஜித்ராவில் இருக்கும் மகள் வந்துவிடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். பார்க்கை யார் பார்ப்பது என்று இவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். மூடப்போகும் சேதி கேட்டதும் அவள் அப்பாவுக்கு அறையையே தயார் செய்துவிட்டாள்.

"பார்க்கு போச்சுன்னா நானும் போயிற வேண்டியதுதான் தம்பி. என்னா சாக்கு சொல்றது?" என்றார்.

"விடுங்கண்ணே, ஜமாய்ச்சிருவோம்" என்றேன்.

ஜமாய்த்தோம். தோட்டத்தில் துரை பார்வையிட வந்தால் என்ன செய்வார்களோ, அதையெல்லாம் செய்தோம். கால்வாயைக் கூட்டினோம். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஊஞ்சலைத் துடைத்து, ஆடாதபடி கயிற்றால் கட்டினோம். துரை வரும் நாளில் ஆடு, கோழி, பிள்ளைகள் எதுவும் கண்ணில் படக்கூடாது அல்லவா? அதனால் தாமான் முழுவதற்கும், யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அண்ணே உத்தரவு போட்டார். வாசல் காவல் எனக்கு. பந்தோடு வந்த பையன்களையும், நடக்க வந்த ஒரு சீனக் கிழவரையும் நானே விரட்டியடித்தேன். வாழ்க்கையில் நான் முழு மூச்சாகச் செய்த பொதுத்தொண்டு அது ஒன்றுதான்.

அதிகாரி வந்தார். இளம் மலாய்க்காரர். சுற்றிப் பார்த்து, மிக அழகாக இருக்கிறது என்று மலாயில் பாராட்டினார். விசில் அண்ணே நெஞ்சை நிமிர்த்தினார். நானும் நிமிர்த்தப் பார்த்தேன், வயிறுதான் நிமிர்ந்தது.

"ஆனால் ஆளே இல்லையே?" என்றார் அதிகாரி. "இங்கே யாரும் வருவதில்லையா?"

அண்ணே என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டுத்தடுமாறி மலாயில் உண்மையைச் சொன்னார்: "எல்லாரும் வருவாங்க துவான். நீங்க வர்றீங்கன்னு உள்ள வச்சுப் பூட்டியிருக்கோம்."

நான் ஓடினேன். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்குக்கூட ஓடாதவன், செருப்பு கழன்றது தெரியாமல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "தொறந்து விடுங்க! எல்லாத்தையும் தொறந்து விடுங்க!" என்று அலறினேன். பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். காயாத சுண்ணாம்பை மிதித்து எங்கும் வெள்ளைக் கால்தடங்கள். சுண்ணாம்பில் உருண்ட ஒரு பந்து அதிகாரியின் கறுப்புக் கால்சட்டையில் பட்டு வட்டமாக அச்சு வைத்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விளக்குக்குக் காசு இல்லை, புல்லை நீங்களே வெட்டிக்கொண்டால் இப்போதைக்குத் திறந்திருக்கட்டும் என்றார்.

"நாங்க வெட்டறோம் துவான்" என்றார் அண்ணே. அந்த 'நாங்க' முழுக்க நான்தான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புல் வெட்டும் இயந்திரத்தை அவர் என் தோளில் மாட்டிவிட்டபோது புரிந்தது.

போன மாதம் அண்ணே பேரனின் பிறந்தநாளுக்கு ஜித்ரா போனார். இரண்டு நாள்தான் என்றவர் ஒரு வாரமாகியும் வரவில்லை. நான் போன் போட்டேன்.

"எப்பண்ணே வர்றீங்க? இங்க புல்லு முட்டி வரைக்கும் வந்துருச்சு."

"அதுக்குள்ளயாப்பா? சரி, நாளைக்கே மககிட்ட சொல்லிக் காடியில கொண்டாந்து விடச் சொல்றேன்."

புல்லெல்லாம் வளரவில்லை. முந்தின நாள்தான் வெட்டியிருந்தேன். அவர் இல்லாமல் எனக்குத்தான் முடியவில்லை.